மகளிர் தினச் சுவரொட்டியும் எட்டுப் பெண்களின் நிறமும்

கேள்வி: நான் சிவகாசியைச் சேர்ந்தவள். இந்த ஆண்டு கிராஃபிக் டிசைனில் பட்டம் பெற்றேன். அப்பா ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக என் அம்மா, சித்தி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் அக்காக்கள் என எட்டுப் பெண்களை நானே படம் எடுத்து, முகத்தில் எதையும் திருத்தாமல், ஒரு சுவரொட்டித் தொடர் செய்தேன். கல்லூரிக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஓர் அழகுசாதன நிறுவனம், மகளிர் தினத்துக்குப் 'பெண்ணின் ஆற்றல், பெண்ணின் அழகு' என்ற பெயரில் அதைப் பிரசாரமாக வெளியிட விரும்புகிறது. அவர்கள் சோப்பு, கூந்தல் எண்ணெய், முகப்பொலிவு கிரீம் ஆகியவற்றை விற்கிறார்கள். தோல் நிறத்தைக் 'கொஞ்சம் பிரைட்' ஆக்க வேண்டும், முழு உரிமையையும் நிரந்தரமாக எழுதித் தர வேண்டும் என்கிறார்கள். எட்டுப் பெண்களுக்கும் கிஃப்ட் பாக்ஸ் தருவார்களாம். என் பெயர் எங்கும் வராது, போர்ட்ஃபோலியோவில் போட்டுக்கொள்ளலாமாம். வீட்டில் முதல் வாய்ப்பை விடாதே என்கிறார்கள். தோழிகள் இது விலைபோவது என்கிறார்கள். வேலைக்கான நேர்காணல்களிலோ, இந்தத் தொடரைக் காட்டினால் 'இது சமூக சேவை, இதில் டிசைன் எங்கே' என்று கேட்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த எட்டுச் சுவரொட்டிகளையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாய்ப்பை நிபந்தனைகளோடு ஏற்கலாம். ஆனால் தோல் நிறத்தை மாற்றும் கோரிக்கைக்கு எந்தத் தொகைக்கும் இணங்க வேண்டாம். மற்றவை எல்லாம், அதாவது பணம், காலம், உரிமை, பெயர் போடுவது ஆகியவை பேசித் தீர்க்கக்கூடியவை. நிறம் அப்படியல்ல, ஏனென்றால் உங்கள் தொடரின் பொருளே அதுதான். பக்கவாட்டு வெளிச்சத்தில் உங்கள் அம்மாவின் கன்னம் இருக்கும் கறுப்பும், மேலுதட்டில் பூத்திருக்கும் வியர்வையும், வகிட்டோரம் தெரியும் நரையும், கீழே பெயர், வயது, செய்யும் வேலை ஆகிய மூன்றையும் ஒரே அளவு எழுத்தில் அமைத்திருக்கும் விதமும் சேர்ந்துதான் பார்ப்பவரை நிற்க வைக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துவிட்டால், கடைத்தெருவில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் நூறு விளம்பரங்களில் இன்னொன்றாக அது ஆகிவிடும். அந்த நிறுவனம் உங்களைத் தேடி வந்ததற்கான காரணமும் அதோடு போய்விடும். இதை அவர்களிடமே சொல்லலாம், அவர்களுடைய வியாபார நலனுக்காகவே சொல்லலாம்.

தோழிகள் 'விலைபோவது' என்று சொல்வதை நான் முழுவதும் ஏற்கவில்லை, முழுவதும் தள்ளவும் இல்லை. பெண் விடுதலையின் மொழியைச் சரக்கு விற்பதற்குக் கடன் வாங்குவது நம் காலத்தில் தொடங்கியதல்ல. 1929-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு அன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இளம்பெண்கள் சிகரெட் புகைத்தபடி ஊர்வலத்தில் நடந்தார்கள். அதற்குச் 'சுதந்திர தீபங்கள்' என்று பெயர் சூட்டப்பட்டது. பின்னால் இருந்தவர் ஒரு புகையிலை நிறுவனத்துக்காக வேலை செய்த விளம்பர ஆலோசகர் எட்வர்ட் பெர்னேஸ். அதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில், லோரியல் நிறுவனத்தின் கூந்தல் சாயத்துக்காக, 'ஏனென்றால் நான் அதற்குத் தகுதியானவள்' என்ற வரியை எழுதியவர் இலோன் ஸ்பெக்ட் என்ற, உங்களைப் போல இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். அதுவரை சாய விளம்பரங்கள் ஆண் என்ன நினைப்பான் என்பதைச் சுற்றியே இருந்தன. அந்த அறையில் இருந்த ஆண்கள் மீது அவருக்கு வந்த கோபத்தில், பெண் தன் வாயால் தனக்காகப் பேசும் வரி பிறந்தது. இரண்டுமே விற்பனைக்காகச் செய்யப்பட்டவைதான். ஆனால் முதலாவதில் பெண்கள் ஒரு கருவி, இரண்டாவதில் ஒரு பெண் பேசுகிறாள். ஆகவே ஒரு வேலை பணத்துக்காகச் செய்யப்படுகிறது என்பதாலேயே அது இழிவாகிவிடாது. அந்த வேலையில் அந்தப் பெண்களின் இடம் என்ன என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு வரலாற்றை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் இந்தியச் சந்தைக்கு வந்தது 1975-இல். மகன் இல்லையே என்று தந்தை வருந்த, மகள் கிரீம் பூசிச் சிவப்பாகி விமானப் பணிப்பெண்ணாகி வீட்டைக் காப்பாற்றுவதாகக் காட்டிய அதன் தொலைக்காட்சி விளம்பரத்தை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடியது. 2003-இல் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது. அதே 2003-இல், அதே கிரீமின் பெயரில், பெண்களின் பொருளாதார முன்னேற்றத்துக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டுக் கல்வி உதவித்தொகைகள் வழங்கப்பட்டன. அடுத்த ஆண்டே, 2004-இல், அதே தாய் நிறுவனமான யூனிலீவர், டவ் சோப்புக்காக 'உண்மையான அழகு' பிரசாரத்தைத் தொடங்கியது. சுருக்கம் விழுந்த, பருத்த, மச்சம் நிறைந்த சாதாரணப் பெண்களை விளம்பரப் பலகைகளில் ஏற்றிய அந்தப் பிரசாரம் உலகெங்கும் டிசைன் வகுப்புகளில் பாடமானது. 2006-இல் வெளிவந்த 'எவொல்யூஷன்' என்ற குறும்படம், ஒரு பெண்ணின் முகம் ஒப்பனையாலும் கணினியாலும் எப்படி விளம்பர முகமாக மாற்றப்படுகிறது என்பதை ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் காட்டி, மறு ஆண்டு கேன்ஸ் விளம்பர விழாவின் உச்ச விருதைப் பெற்றது. அங்கே ஒரு கையால் உண்மையான அழகு, இங்கே மறு கையால் சிவப்பழகு. இந்தியாவில் அந்த கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் நீங்கி அது க்ளோ அண்ட் லவ்லி ஆனது 2020-இல்தான், அதுவும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கொலைக்குப் பிறகு உலகெங்கும் எழுந்த நிறவெறி எதிர்ப்பின் அழுத்தத்தில்.

இதை ஒரு நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. டவ் பிரசாரத்தில் வேலை செய்த வடிவமைப்பாளர்களும் புகைப்படக் கலைஞர்களும் நல்ல வேலையைத்தான் செய்தார்கள். அந்த வேலையால் பல பெண்கள் கண்ணாடியைப் பார்த்த விதம் மாறியது என்றே நம்புகிறேன். ஆனால் ஒரு சுவரொட்டி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், அது எந்தப் பொருளின் பக்கத்தில் ஒட்டப்படுகிறதோ அந்தப் பொருள் தரும் வாக்குறுதியைத்தான் அது கடைசியில் சுமக்கிறது. ஆகவே உங்கள் முதல் நிபந்தனை இதுவாக இருக்கட்டும்: இந்த எட்டுப் படங்களும் சோப்புக்கும் கூந்தல் எண்ணெய்க்கும் மட்டுமே பயன்படும், முகப்பொலிவு கிரீமின் விளம்பரத்திலோ அட்டைப் பெட்டியிலோ கடை அலமாரியிலோ எந்த வடிவிலும் வராது. இதைப் பொருள்களின் பெயர்களோடு எழுத்தில் கேளுங்கள். அந்த கிரீமின் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒரு கடையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். 'பொலிவு' என்று மட்டும் இருந்தால் அது ஒரு கதை. இத்தனை நாளில் இத்தனை நிறம் கூடும் என்று படிப்படியாக வெளுக்கும் முகங்களின் வரிசை அச்சிடப்பட்டிருந்தால், அந்த நிறுவனத்தின் மகளிர் தினப் பிரசாரத்தில் உங்கள் அம்மாவின் முகம் இருக்க வேண்டுமா என்பதை உங்கள் அம்மாவிடமே அந்தப் பெட்டியைக் காட்டிக் கேட்பதுதான் முறை.

நிறுவனத்தோடு பேசும்போது உங்களுக்குத் துணையாக ஒரு விதி இருக்கிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-இல் நிறம் தொடர்பான பொருள்களின் விளம்பரங்களுக்கென்று வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தோல் நிறத்தை வைத்து எந்தப் பாகுபாட்டையும் விளம்பரம் சொல்லக் கூடாது. கருத்த நிறமுடையவரை அழகற்றவராகவோ மகிழ்ச்சியற்றவராகவோ காட்டக் கூடாது. கருமையையோ வெளுப்பையோ ஒரு சாதியோடும் சமூகத்தோடும் பொருளாதார நிலையோடும் தொழிலோடும் இணைக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. தீப்பெட்டித் தொழிலாளியின் முகத்தைச் சிவப்பாக்கி அதற்கு 'ஆற்றல்' என்று தலைப்பிடுவது இந்த வழிகாட்டுதல்களின் உணர்வுக்கே எதிரானது என்று மரியாதையாகச் சுட்டிக்காட்டுங்கள். சந்தைப்படுத்தல் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்த மொழி நன்றாகவே புரியும்.

இனி, நீங்கள் கேட்காத ஆனால் கட்டாயம் எதிர்கொள்ளப்போகிற ஒரு வாதத்துக்கு வருகிறேன். 'நாங்கள் சிவப்பாக்கச் சொல்லவில்லை, பேப்பரில் அச்சானால் முகம் கருத்துவிடும், அதற்காகத்தான் பிரைட் ஆக்கச் சொல்கிறோம்' என்பார்கள். இதில் பாதி உண்மை. உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், டாட் கெயின், அதாவது தாளில் மை பரவி அச்சுப் புள்ளி பெரிதாவது, பற்றி அவருக்குத் தெரிந்த அளவு என்னால் சொல்ல முடியாது. கோப்பில் 50 சதவீதமாக இருக்கும் ஒரு புள்ளி, வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் மை பரவி 65 சதவீதத்துக்கு அருகிலும், செய்தித்தாளில் 75 சதவீதத்துக்கு அருகிலும் போய் நிற்கும். செய்தித்தாள் தாங்கும் மொத்த மையின் அளவும் குறைவு. சயான் எனும் நீலம், மஜெந்தா எனும் இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் சதவீதங்களும் சேர்ந்து 240-ஐத் தாண்டினால் காயாமல் அடுத்த பக்கத்தில் ஒட்டும். ஆகவே கருத்த தோலை அப்படியே அனுப்பினால், நெற்றிக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள நுட்பமான வேறுபாடுகள் எல்லாம் ஒரே இருட்டாக மண்டிவிடும் என்பது நிஜம். அதைச் சரிசெய்ய வேண்டியது உங்கள் கடமையும்கூட. ஒரு கருத்த முகத்தை அச்சில் சேறாக விட்டுவிட்டு அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆனால் அச்சுக்கான திருத்தத்தையும் வெளுப்பதையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. அச்சுக்காகச் செய்யும் திருத்தம் படம் முழுவதற்கும் பொருந்தும். பின்னாலிருக்கும் சுவரும், சேலையும், கூந்தலும், கழுத்துக் கயிறும் முகத்தோடு சேர்ந்தே கோப்பில் வெளிறும், அச்சில் எல்லாம் சேர்ந்தே பழைய இடத்துக்குத் திரும்பும். முகத்தையும் கழுத்தையும் கையையும் மட்டும் தேர்வு செய்து, சேலையை விட்டுவிட்டுத் தோலை மட்டும் ஏற்றினால் அதற்கு அச்சோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே வண்ணப் பிரிப்பை, அதாவது படத்தை அந்த நான்கு மைகளுக்கும் பிரித்துத் தருவதை, நீங்களே செய்து தருவதாகச் சொல்லுங்கள். தோலில் சயானையும் கறுப்பையும் அளவோடு வைத்து, மஞ்சளையும் மஜெந்தாவையும் கொண்டு நிறத்தைக் கட்டினால், கருமை கெடாமலே வெளிச்சம் பிடிக்கும். செய்தித்தாள், ஆர்ட் பேப்பர், ஃபிளெக்ஸ் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு வேண்டும். மூன்றுக்கும் மாதிரி அச்சு எடுத்து, அந்தப் பெண்ணின் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் 'வடிவமைப்பாளர் ஒப்புதல் அளித்த மாதிரி அச்சின் நிறத்துக்கு மாறாகப் படங்களை வெளியிடக் கூடாது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதோடு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இந்த முகங்களை மாற்றவோ புது முகங்களை உருவாக்கவோ கூடாது என்றும் எழுத வேண்டும். பெண்களின் முகங்களுக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய முகங்களை விளம்பரத்தில் பயன்படுத்த மாட்டோம் என்று டவ் 2024-இல் அறிவித்திருக்கிறது. பெரிய நிறுவனமே ஏற்ற ஒன்றை இவர்கள் ஏற்பதில் சிரமம் இருக்கக் கூடாது.

உங்கள் ஊரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தமிழர் வீட்டுச் சுவர்களில் தலைமுறைகளாகத் தொங்கிய முகங்கள் பெரும்பாலும் சிவகாசியில் அச்சானவை. கோவில்பட்டியில் கொண்டையா ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் காலண்டர்களாக ஊர் ஊராகச் சென்றன. லட்சுமியும் சரஸ்வதியும் ரோஜா நிறத்தில் நம் வீடுகளுக்குள் வந்தார்கள். அவற்றின் கைவண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் அந்த மெஷின்களை இயக்கியவர்களின், தாள்களை அடுக்கிய பெண்களின் நிறம் அந்தத் தாள்களில் ஏறவில்லை. புகைப்படத்திலும் இதே கதைதான்; கோடாக் நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை' எனப்படும் வண்ண அளவுகோலில் பல பத்தாண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம் மட்டும்தான், உலகின் மற்ற எல்லா நிறங்களும் அவளுக்குச் சரிசெய்யப்பட்ட வேதியியலில்தான் கழுவப்பட்டன. இந்தப் பின்னணியில் உங்கள் எட்டுப் படங்களும் சிவகாசி அச்சகத்திலேயே, அந்த நிறத்திலேயே அச்சாகி வெளிவருமானால் அதன் பொருள் மிகப் பெரியது என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த வாய்ப்பை உடனே மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

அடுத்தது மிக முக்கியமானது, உங்கள் கடிதத்தில் மிகக் குறைவாகவே பேசப்பட்டிருப்பதும் அதுதான்: அந்த எட்டுப் பெண்களின் சம்மதம். கல்லூரி புராஜெக்ட்டுக்காக முகத்தைக் காட்டச் சம்மதித்தவர்கள் சோப்பு விளம்பரத்துக்குச் சம்மதித்தவர்கள் ஆகமாட்டார்கள். நக்கீரன் இதழ் தொடர்பான ஆர். ராஜகோபால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, தமிழில் எழுதிய ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும். எந்தப் பொருளுக்கு, எந்தெந்த ஊர்களில், ஃபிளெக்ஸிலா பேப்பரிலா செல்போனிலா, எத்தனை மாதங்களுக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்; வாசித்துக் காட்ட வேண்டும்; ஒரு நகலை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபதடி உயரத்தில் தன் முகம் நின்றால் புகுந்த வீட்டில் என்ன பேசுவார்கள், தீப்பெட்டி ஆபீஸில் என்ன கேட்பார்கள், இணையத்தில் முகம் தெரியாதவர்கள் என்ன எழுதுவார்கள் என்பதை மறைக்காமல் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். யோசிக்க நாள் கொடுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் அவர் படத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் அம்மாவும் சித்தியும் 'நீ சொன்னா சரிம்மா' என்று உடனே சொல்லிவிடக்கூடும். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், மற்றவர்களுக்குச் செய்யும் அதே முறையை அவர்களுக்கும் செய்யுங்கள். தொழிலையும் வறுமையையும் பற்றி நிறுவனத்தின் எழுத்தாளர் ஏதாவது வாசகம் சேர்க்க விரும்பினால், அந்தந்தப் பெண் அதைக் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகே அது அச்சுக்குப் போக வேண்டும்.

கிஃப்ட் பாக்ஸ் போதாது. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். பெண்ணின் ஆற்றலைக் கொண்டாடும் ஒரு விளம்பரத்தில், மாடலிங் ஏஜென்சியிலிருந்து வரும் பெண்ணுக்குச் சம்பளமும், தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வரும் பெண்ணுக்குச் சோப்புப் பெட்டியும் என்றால், அந்தப் பிரசாரம் தன் தலைப்பையே பொய்யாக்குகிறது. ஒரு சுவரொட்டி யாரையும் நேரடியாக முன்னேற்றிவிடாது. அதில் நிற்கும் பெண்ணின் வங்கிக் கணக்கில் சேரும் தொகை முன்னேற்றும். அதே நிறுவனம் தன் வழக்கமான விளம்பரத்தில் நடிக்கும் மாடலுக்கு ஒரு நாளுக்கு என்ன தருகிறதோ அதை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரே தொகை கேளுங்கள், உங்கள் கட்டணத்துக்கு முன்னால் அதைக் கேளுங்கள். விளம்பரக் காலம் நீட்டிக்கப்பட்டால் அவர்களுக்கும் மறுபடி தொகை தர வேண்டும் என்று எழுதுங்கள்.

உரிமை விஷயத்துக்கு வருகிறேன். படங்களை எடுத்தவரும் சுவரொட்டிகளை வடிவமைத்தவரும் நீங்களே. யாரும் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னதல்ல. ஆகவே பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி முதல் உரிமையாளர் நீங்கள்தான். மாணவர் படைப்புகள் பற்றி உங்கள் கல்லூரிக்குத் தனி விதி ஏதேனும் உண்டா என்று மட்டும் ஒருமுறை துறைத்தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'முழு உரிமையும் நிரந்தரமாக' என்பதன் அளவு எவ்வளவு தெரியுமா? நீங்கள் வாழும் காலம் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும். ஒரு மகளிர் தினப் பிரசாரத்துக்கு அது தேவையே இல்லை. உரிமையை மாற்றித் தராமல், பயன்படுத்தும் அனுமதியை மட்டும் கொடுங்கள்: இன்னின்ன பொருளுக்கு, தமிழ்நாட்டில், ஆறு மாதமோ ஓராண்டோ. ஒருவேளை உரிமை மாற்றத்துக்கே ஒப்புக்கொள்ள நேர்ந்தாலும், அது எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்பதையும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும் இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும் என்பதையும் அறிந்திருங்கள். இன்னொரு எச்சரிக்கை: 'இதே மாதிரி இன்னும் நான்கு படம் எடுத்துத் தாருங்கள்' என்று அவர்கள் பணம் கொடுத்துக் கேட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை அந்தப் புகைப்படங்களின் உரிமை அவர்களுடையதாகிவிடும். பழைய எட்டையும் புதிய நான்கையும் ஒரே தாளில் கலந்து எழுதவிடாதீர்கள்.

பெயர் போடமாட்டோம் என்பதை நான் ஏற்க வேண்டாம் என்பேன், ஆனால் இதற்காக வாய்ப்பையே முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, உரிமையை விற்ற பிறகும், இந்தப் படைப்பைச் செய்தவள் நான் என்று சொல்லும் உரிமையும், என் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் படைப்பாளிக்கு உண்டு. ஆகவே போர்ட்ஃபோலியோவில் போட்டுக்கொள்ள அவர்கள் தரும் 'அனுமதி' ஒரு சலுகையல்ல. சுவரொட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் பெயர் கேளுங்கள். ஃபிளெக்ஸில் இடமில்லை என்றால், சமூக ஊடகப் பதிவுகளிலும் செய்திக்குறிப்பிலுமாவது வரட்டும்.

நேர்காணல்களில் கேட்கப்படும் கேள்வி உங்களை வருத்தியிருப்பது தெரிகிறது. 'டிசைன் எங்கே' என்று கேட்பவருக்கு எதிராகக் கோபப்படுவதைவிட, அவருக்கு அதைக் காட்டுவது நல்லது, ஏனென்றால் நீங்கள் இப்போது காட்டுவது முடிந்த எட்டுத் தாள்களை மட்டும்தான். நான் ஆள் எடுக்கும் இடத்தில் உட்காரும்போது, முடிந்த தாளைவிட அதற்கு முன்னால் தூக்கி எறியப்பட்ட தாள்களைத்தான் அதிக நேரம் பார்ப்பேன். பெயரையும் தொழிலையும் ஏன் ஒரே அளவில் வைத்தீர்கள், முதலில் எப்படி வைத்திருந்தீர்கள், அந்தத் தமிழ் எழுத்துருவை ஏன் தேர்ந்தீர்கள், 'ணை', 'லை' போன்ற அகன்ற எழுத்துகள் வரி நீளத்தை உடைத்தபோது என்ன செய்தீர்கள், எட்டு முகங்களின் கண்மட்டமும் ஒரே கோட்டில் வரும்படி எப்படி அமைத்தீர்கள் என்பதெல்லாம் டிசைன்தான். செய்தித்தாளுக்கும் ஆர்ட் பேப்பருக்கும் கருத்த தோலின் வண்ணப் பிரிப்பை எப்படி மாற்றினீர்கள் என்று இரண்டு மாதிரி அச்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், அந்த ஒரு பக்கத்துக்காகவே உங்களை வேலைக்கு எடுப்பவர்கள் உண்டு. இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் நம் துறையில் குறைவு. ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் தமிழ்நாட்டின் சாலையோரங்களில் வைக்கும் முகங்களைப் பாருங்கள். நம் ஊர் நிறத்தில் ஒரு முகத்தை அழகாக அச்சேற்றத் தெரிந்தவருக்கு அங்கேயே எவ்வளவு வேலை காத்திருக்கிறது என்பது புரியும். தொடரோடு கூட ஓர் எளிய வணிக வேலையையும், உதாரணமாக ஓர் ஊறுகாய் லேபிளையோ பில் புத்தகத்தையோ சேர்த்து வையுங்கள். அன்றாட வேலையும் செய்வீர்கள் என்பதற்கு அது போதும்.

வீட்டார் சொல்லும் 'முதல் வாய்ப்பு' என்ற கவலை நியாயமானது, ஆனால் இது ஒரே வாய்ப்பு என்று எண்ண வேண்டியதில்லை. சென்னையின் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-இல் கவிதா இம்மானுவேல் முன்னெடுத்த 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியபோது அதன் பின்னால் எந்த அழகுசாதன நிறுவனமும் இல்லை. 2013-இல் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்த பிறகு நாடே பேசியது. 2017-இன் இறுதியில் பரத்வாஜ் சுந்தரும் நரேஷ் நில்லும் சென்னையில் தெய்வங்களைக் கருத்த நிறத்தில் படம் பிடித்த 'டார்க் இஸ் டிவைன்' தொடரும் வாடிக்கையாளர் கேட்டுச் செய்ததல்ல. இந்த நிறுவனம் மறுத்தால், ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் சோப்புக்கோ, கதர்க் கடைக்கோ, ஒரு பல்பொருள் அங்காடிக்கோ இதே தொடரை நீங்களே கொண்டுபோகலாம். தொகை குறையலாம், படம் குறையாது. அப்பாவின் அச்சகத்தில் ஒரு மாதாந்தரக் காலண்டராகவும் அடிக்கலாம். எட்டு முகங்களுக்கு இன்னும் நான்கு சேர்ந்தால் ஓர் ஆண்டு.

இப்போது உடனே செய்ய வேண்டியது. நிறுவனத்துக்கு ஒரு பக்கத்தில் மின்னஞ்சல் எழுதுங்கள்: ஆர்வத்துக்கு நன்றி, படங்களின் தோல் நிறம் மாறாது, அச்சுக்கான வண்ணப் பிரிப்பை நானே செய்து தருகிறேன், கிரீமுக்குப் பயன்படக் கூடாது, பெண்கள் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு, எனக்கு இவ்வளவு, பாதி முன்பணம், அனுமதி இத்தனை மாதங்களுக்கு, பெண்களின் எழுத்துப்பூர்வச் சம்மதம் கிடைத்த படங்கள் மட்டுமே தரப்படும். பதிலைத் தொலைபேசியில் சொன்னால், பேசியதைச் சுருக்கி அன்றே மின்னஞ்சலில் அனுப்பி உறுதிசெய்யச் சொல்லுங்கள். மார்ச் 8 நெருங்க நெருங்க அவசரப்படுத்துவார்கள், 'முதலில் கோப்பை அனுப்புங்கள், ஒப்பந்தம் பிறகு பார்க்கலாம்' என்பார்கள். இரு தரப்பும் கையெழுத்திட்டு முன்பணம் கணக்கில் ஏறும்வரை, திரையில் பார்க்கும் அளவுள்ள சிறிய படங்களைத் தவிர எதையும் அனுப்ப வேண்டாம். கண்காட்சியின்போது அச்சுத் தரக் கோப்புகளை ஏற்கெனவே கொடுத்திருந்தால், ஒப்பந்தம் இல்லாமல் அவற்றைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று இந்த மின்னஞ்சலிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.